கதையைப் படிப்பவரை யார் படிப்பது?

அமெரிக்காவில் படைப்பெழுத்துக்காகவே நடக்கும் தொண்டு நிறுவனங்கள் நிறைய உண்டு. பாஸ்டனில் 1997இல் தொடங்கிய கிரப்ஸ்ட்ரீட், சான் பிரான்சிஸ்கோவில் 2002இல் தொடங்கிய 826 வலென்சியா, நியூயார்க்கில் பள்ளி மாணவிகளுக்கு எழுத்தாளர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்துவிடும் கேர்ள்ஸ் ரைட் நவ் போன்றவை பெரிய பெயர்கள். இவற்றைத் தவிர, ஓர் இயக்குநரும் இரண்டொரு பகுதிநேர ஊழியர்களும் மட்டுமே இருக்கும் சிறிய அமைப்புகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. எழுதிப் பழகுகிறவர்கள் தங்கள் சிறுகதையையோ நாவலின் ஓர் அத்தியாயத்தையோ அங்கே அனுப்புவார்கள். யாராவது உட்கார்ந்து நிதானமாகப் படித்து, கருத்தெழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த யாராவது பல இடங்களில் சம்பளம் வாங்காத ஓர் இன்டர்ன். ஆபீஸ் என்று ஒன்று இல்லை. லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் செய்யலாம்.

அப்படியொரு சிறிய அமைப்புக்காகப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து நான் கதைகளுக்குக் கருத்தெழுதினேன். அமைப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே வந்தவை எல்லாம் அச்சேறாத கதைகள், எழுதியவர்களின் சொத்து. அதனால் கீழே வரும் கதை விவரங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஆங்கில இலக்கியம் படிக்கும் தங்கைமார்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். "சம்பளமே இல்லன்னா எதுக்குக்கா சேரணும்?" நியாயமான கேள்வி. நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். நீ எழுதும் கருத்தை வேறொருவர் படித்து உன்னோடு பேசுவாரென்றால் சேரு. நீ எழுதியது நேராக எழுத்தாளருக்குப் போய்விடும், உன்னிடம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றால் சேராதே. அதைப் பயிற்சி என்று யார் சொன்னாலும் நம்பாதே. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர். பெயர் நீக்கிய கதை அதில் வந்து சேரும். 3,000 முதல் 7,000 சொற்கள் வரை இருக்கும். கூடவே எழுதியவர் கேட்டிருக்கும் இரண்டு மூன்று கேள்விகள். முடிவு புரிகிறதா, அண்ணன் பேசுவது நம்பும்படி இருக்கிறதா, நடுவில் எங்காவது தொய்கிறதா, இப்படி. முதல் வாசிப்பில் எதையும் குறிக்கக் கூடாது, வாசகராக மட்டும் படிக்க வேண்டும். முடித்த கையோடு எங்கே மனம் ஒட்டியது, எங்கே விலகியது என்று நாலு வரி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வாசிப்பில் ஓரத்துக் குறிப்புகள். அப்புறம் எழுத்தாளருக்கு ஒன்றரைப் பக்க அளவில் ஒரு கடிதம்.

அந்த முதல் வாசிப்புக்கு ஏன் அத்தனை மரியாதை என்றால், அது ஒரு முறைதான் வாய்க்கும். இரண்டாம் தடவை படிக்கும்போது யார் சாகப் போகிறார், எந்தக் கடிதம் பொய் என்றெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். எழுதியவருக்கோ தன் கதையின் முதல் வாசிப்பு ஒருநாளும் கிடைக்காது. வரி வரியாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாதவராகப் படிக்க அவரால் முடியாது. அவரிடம் இல்லாத அந்த ஒன்றைத்தான் நாம் கொடுக்கிறோம். பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973லேயே இதை அழுத்திச் சொன்னார்: எழுத்தைத் தரம் பிரிப்பதைவிட, படிக்கும்போது நம் மனதில் ஓடிய படத்தை அப்படியே எழுதியவருக்குக் காட்டுவது அவருக்கு அதிகம் உதவும் என்று.

சொல்லக் கேட்டால் சுலபம். செய்ய உட்கார்ந்தால் கை தானாகவே தீர்ப்பு எழுதப் போகும். நம் படிப்பு அப்படி. பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்குத் திறனாய்வு எழுதிப் பழகிய கை. அதைத் திருப்பிவிட ஓர் ஆள் வேண்டும்.

எங்களுக்கு அந்த ஆள் இருந்தார், மேற்பார்வையாளராக ஓர் அம்மா. கல்லூரியில் பல வருடங்கள் எழுத்துப் பயிற்சி நடத்தி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கடிதமும் எழுத்தாளருக்குப் போகும் முன் அவரிடம் போகும். அவர் பெரும்பாலும் எதையும் திருத்த மாட்டார். கேள்விதான் கேட்பார். "எந்தப் பக்கத்தில்?" என்பது அவர் அதிகம் கேட்ட கேள்வி. இன்டர்ன்கள் ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவில் ஒருவர், "அப்பா பாத்திரத்தில் ஆழம் இல்லை" என்று எழுதியிருந்தார். கடிதம் திரும்பி வந்தது. எந்தப் பக்கம் வரை அந்த அப்பாவை நம்பினீர்கள் என்று ஓரத்தில் கேட்டிருந்தார். அந்த நண்பர் மறுபடி படித்துப் பார்த்தார். நாலாம் பக்கம் வரை நம்பியிருக்கிறார். நாலாம் பக்கத்தில் அப்பா தன் தம்பியிடம் போனில் பேசுகிறார். இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த குடும்பக் கதையை, வாசகருக்குத் தெரிவிப்பதற்காக, முழுசாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம்பிக்கை போனது அங்கேதான். திருத்திய கடிதத்தில் இது இடம் பெற்றது. ஆழமில்லை என்ற தீர்ப்பை வைத்துக்கொண்டு எழுத்தாளர் என்ன செய்ய முடியும்? அந்த போன் பேச்சைச் சுட்டிக் காட்டினால், அன்றைக்கே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

அவருடைய இரண்டாவது கேள்வி: "இது கதை கேட்பதா, நீங்கள் கேட்பதா?" எனக்கு நீண்ட வாக்கியம் பிடிக்கும். குழுவில் இன்னொருவருக்குத் திகில் கதை என்றால் உயிர். இந்த ரசனைகளை மறைக்கச் சொல்லவில்லை அவர். கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லச் சொன்னார். "எனக்கு இவ்வகைக் கதைகள் அதிகம் பழக்கமில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கருத்தைப் படியுங்கள்" என்று ஒரு வரி இருந்தால் போதும். எழுத்தாளர் எடைபோட்டுக்கொள்வார்.

வாரம் ஒருமுறை ஜூமில் கூடுவோம். அவர்களுக்கு வெள்ளி இரவு 8 மணி, எனக்குச் சனிக்கிழமை காலை 5.30. நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய பிறகு எனக்கு 6.30 ஆகிவிடும். அந்தக் கூட்டங்களில் நான் கற்றது கல்லூரி வகுப்புகளில் கற்றதைவிட அதிகம். ஒரே கதையை ஐந்து பேரும் தனித்தனியாகப் படித்து, பேசிக்கொள்ளாமல் கடிதம் எழுதி, பிறகு ஒன்றாக வைத்துப் பார்ப்போம். ஒரு கதையில் மனைவி வீட்டை விட்டுப் போகும் காட்சி. ஐந்து பேரும் அதே பத்தியில் தடுக்கியிருந்தோம். ஆனால் மருந்து ஐந்து விதம். காட்சியை நீட்டு என்று ஒருவர், வெட்டு என்று ஒருவர், கணவன் பார்வையில் சொல்லு என்று ஒருவர், பேச்சைக் கூட்டு, பேச்சே வேண்டாம் என்று மற்ற இருவர். மேற்பார்வையாளர் மருந்துகளை எல்லாம் எடுத்துவிட்டு, தடுக்கிய இடத்தையும் தடுக்கிய விதத்தையும் மட்டும் அனுப்பச் சொன்னார். திருத்திய பிரதி வந்தபோது அந்தக் காட்சியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இரண்டு பக்கம் முன்னால், அவள் போகப் போகிறாள் என்பதை முன்கூட்டியே உடைத்துவிட்ட ஒரு வாக்கியத்தை எழுத்தாளர் எடுத்திருந்தார். எங்கள் ஐவரில் எவருக்கும் தோன்றாத வழி. காட்சி இப்போது எடுபட்டது.

இந்த முறைகளுக்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கிறது. 1936இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் பட்டறை தொடங்கியது. கதையை எழுதியவர் வாய் திறக்காமல் இருக்க, மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவது என்ற வழக்கம் அமெரிக்கப் பட்டறைகள் பலவற்றில் ஊன்றியது. அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் 1956இல் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்ட் ஊரில் கூடினார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசி, எழுதியவர் கடைசியில் பதில் சொல்லும் முறை அந்த ஊர்ப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1968இல் தொடங்கிய கிளாரியன் பட்டறையும் அதே வழியில் போனது. 1990வாக்கில் லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் இதை மாற்றிப் போட்டார். அவர் முறையில் முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது பொருளுள்ளதாகப் பட்டது என்பதைச் சொல்வார்கள். அடுத்து கலைஞர் கேள்வி கேட்பார். அதன்பின் பார்த்தவர்கள் அபிப்பிராயம் கலக்காத கேள்விகளைக் கேட்பார்கள். அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் கலைஞர் சம்மதித்தால் மட்டும். எங்களுக்குக் கதையோடு வந்த எழுத்தாளரின் கேள்விகள் இந்த முறையின் சாயல் என்று பின்னால் படித்தபோது புரிந்தது. தூரத்தில் இருப்பவருக்குக் கடிதம் எழுதும்போது இது இன்னும் முக்கியம். நேரில் என்றால் முகம் வாடுவதைப் பார்த்துக் குரலைத் தணிக்கலாம். கடிதத்தில் அந்த வசதி இல்லை. எழுதியவர் பேச முடியாத இடத்தில் இருக்கிறார், அதனால் அவருடைய கேள்வி முதலில் நிற்க வேண்டும்.

எனக்கு உள்ளூரிலிருந்தும் ஒரு கருவி கிடைத்தது. பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களைச் சொல்வார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும் பட்டியல். பள்ளியில் மனப்பாடம் செய்தது ஓஹாயோக்காரர் ஒருவரின் கதையைப் படிக்கும்போது உதவும் என்று நினைத்ததில்லை. தங்கை கல்யாணத்துக்குப் போகும் அண்ணனின் கதையில் விமான நிலையப் பாதுகாப்பு வரிசைக்கு இரண்டு பக்கம் போனால் அது மற்றொன்று விரித்தல். அவன் தட்டைத் தூக்கி எறிந்ததைக் காட்டிவிட்டு, அவனுக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் கூறியது கூறல். சென்றுதேய்ந்து இறுதல் என்பதை நான் வாரந்தோறும் பார்த்தேன். முதல் இரண்டு பக்கத்தைப் பலமுறை செதுக்கிவிட்டு, கடைசிப் பக்கத்தைக் களைத்துப் போய் முடித்திருப்பார்கள். நன்னூல் கதைக்கு எழுதப்பட்டதல்ல என்பதையும் மறக்கக் கூடாது. மயங்க வைத்தல் இலக்கண நூலில் குற்றம். நல்ல சிறுகதையில் சில சமயம் அதுதான் உயிர்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்த இடம் வேறு. கதை நடக்கும் உலகம் எனக்குத் தெரியாத உலகம். தாயின் மரணத்துக்குப் பின் வீட்டை ஒழித்துக்கொடுக்க வரும் ஒரு மகளைப் பற்றிய கதை. சமையலறை அலமாரியில் கண்ணாடிப் பாத்திரங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டி வேறு வேறு பெயர்கள். மகள் அதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். குழுவில் அமெரிக்கர்களுக்கு உடனே விளங்கியது. அங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தார் கேசரோல் என்ற உணவை அடுப்பில் வேகவைத்துப் பாத்திரத்தோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். பாத்திரம் திரும்பி வருவதற்காக அடியில் பெயர் ஒட்டியிருக்கும். அப்பா இறந்தபோது வந்த பாத்திரங்களை அம்மா யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை, அதன்பின் யாரையும் போய்ப் பார்க்கவே இல்லை என்பதுதான் அந்தக் காட்சி. இழவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் பக்கத்து வீட்டுச் சாப்பாடு வருவது நமக்குப் புதிதல்ல. விவரம் தெரிந்ததும் அந்தக் காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது.

இப்போது கடிதத்தில் என்ன எழுதுவது? விளக்கம் சேருங்கள் என்று கேட்கலாமா? மேற்பார்வையாளரோடு நிறைய நேரம் பேசினேன். புரியாததெல்லாம் கதையின் குறை ஆகாது. அந்தக் கதை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்கு அது முழுதாகப் போய்ச் சேர்கிறது. அதனால் இப்படி எழுதினேன்: நான் இந்தியாவில் வாழ்கிறவள், அந்தப் பாத்திரங்களின் பழக்கம் எனக்குத் தெரியாது, ஆனால் மகள் உட்கார்ந்த விதத்திலிருந்து அது பெரிய விஷயம் என்பது மட்டும் எட்டியது, தேடிப் படித்ததும் முழுதாகப் புரிந்தது. எழுத்தாளர் அதை அப்படியே விட்டுவிட்டார். சரியான முடிவு.

இதன் மறுபக்கமும் வந்தது. தென்னிந்தியக் குடும்பத்தில் பிறந்து அங்கே வளர்ந்த ஒருவரின் கதை. தாலி என்றால் என்ன என்பதற்கு மூன்று வாக்கியம். கதை சொல்பவளோ சென்னையில் பிறந்தவள், தன் கழுத்தில் கிடப்பதைத் தனக்கே யாராவது விளக்கிக்கொள்வார்களா? இந்த மூன்று வாக்கியமும் யாருக்காக என்று கேட்டேன். முந்தைய பட்டறை ஒன்றில் புரியவில்லை என்றார்கள், அதனால் சேர்த்தேன் என்று பதில் வந்தது. பட்டறைகள் 'வாசகர்' என்று பொதுவாகச் சொல்லும்போது உண்மையில் ஒரு குறிப்பிட்ட வாசகரைத்தான் மனதில் வைத்திருக்கின்றன என்று மாத்யூ சலேசஸ் போன்ற அமெரிக்க எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதிலைப் படித்தபோது அது எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது. நம் ஊரில் உட்கார்ந்து அந்தக் கதைகளைப் படிக்கும் இன்டர்னுக்கு இங்கேதான் தனி மதிப்பு இருக்கிறது. கதை போய்ச் சேரக்கூடிய இன்னொரு வாசகர் நாம்.

சாட்ஜிபிடி பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைகதை இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் குவிந்ததால் கதைகள் வாங்குவதையே சில வாரம் நிறுத்தி வைத்தது. அதே தொல்லை கருத்தெழுதும் பக்கமும் உண்டு. கதையை அப்படியே ஒட்டி, வருவதைக் கொஞ்சம் மாற்றி அனுப்பிவிடலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். எங்களுக்கு அது முழுத் தடை. முதல் காரணம், அச்சேறாத பிறர் கதையை அவர் சம்மதமில்லாமல் வெளியே கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. இன்னொரு காரணம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. இயந்திரத்துக்குச் சலிப்பு வராது. ஆறாம் பக்கத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது, போனை எடுத்துப் பார்த்தேன் என்பது எழுத்தாளருக்கு மிகவும் தேவையான தகவல். அதை உடம்புள்ள ஒரு வாசகர்தான் சொல்ல முடியும்.

சரி, காசு விஷயம். அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018 ஜனவரியில், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பால் முதன்மையாகப் பயன் அடைவது யார் என்று பார்க்கும் ஏழு அம்சச் சோதனையை எடுத்துக்கொண்டது. கல்விக்கு நிகரான பயிற்சி கிடைக்கிறதா, சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய வேலையை இன்டர்ன் தலையில் கட்டுகிறார்களா என்பவையும் அந்த ஏழில் அடக்கம். இது லாப நோக்கமுள்ள நிறுவனங்களுக்கானது. தொண்டு நிறுவனங்களில் ஊதியம் எதிர்பார்க்காமல் செய்யும் பணி பொதுவாக அனுமதிக்கப்பட்டதுதான். பாளையங்கோட்டையில் இருப்பவருக்கோ அந்த ஊதியச் சட்டமே பொருந்தாது, வேலை அமெரிக்க மண்ணுக்கு வெளியே நடப்பதால். ஆக, நம்மைக் காக்க அங்கே சட்டம் இல்லை. ஆனாலும் அந்தச் சோதனையின் கேள்விகள் நல்ல கேள்விகள். சேரும் முன் நாமே கேட்டுப் பார்க்கலாம்.

எனக்கு உறுத்தும் ஒரு வகை உண்டு. எழுத்தாளரிடம் கதைக்கு இவ்வளவு டாலர் என்று கருத்துரைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அந்தக் கருத்தை மேற்பார்வை எதுவுமில்லாமல் சம்பளமில்லாத இன்டர்னை வைத்து எழுதி வாங்கும் இடங்கள். இதில் இரண்டு பேருக்கும் அநியாயம். காசு கொடுத்தவருக்குத் தேர்ந்த வாசிப்பு கிடைக்கவில்லை, உழைத்தவருக்குக் காசும் இல்லை, கற்பதும் இல்லை. தொண்டு என்ற சொல்லை அங்கே பயன்படுத்துவதே தவறு.

இன்னொன்றையும் ஒளிக்கக் கூடாது. சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்து கதை படிக்க, வீட்டில் சோற்றுக்குக் கவலை இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது. என் வகுப்பில் என்னைவிடக் கூர்மையாகப் படிக்கக்கூடிய ஒருத்தி, மாலையில் ஜவுளிக்கடைக் கணக்கு பார்க்கப் போனாள். அவளால் சேர முடியவில்லை. அதே சமயம், டெல்லிக்கோ சென்னைக்கோ போய் வாடகை கொடுத்துத் தங்கி ஒரு பதிப்பகத்தில் இன்டர்னாக இருப்பதைவிட இதில் செலவு குறைவு என்பதும் உண்மை. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு கதவைத் திறந்திருக்கிறது. வாரத்துக்கு நாலைந்து மணி நேரத்துக்கு மேல் கேட்காத இடமாக இருந்தால், வேலைக்குப் போகிற பிள்ளையும் செய்யலாம். அதற்குமேல் கேட்டால் உதவித்தொகை கொடுக்கட்டும்.

விசாரிக்க வழி இருக்கிறது. அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் 990 என்ற படிவம் தர வேண்டும். அது பொது ஆவணம். புரோபப்ளிகா இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் வரவு எவ்வளவு, இயக்குநர் சம்பளம் எவ்வளவு என்று பார்க்கலாம். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் மிகச் சிறிய அமைப்புகள் ஒரு சுருக்கமான மின்படிவம் மட்டும் தரும், அதில் கணக்கு இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் நேரடியாகவே கேட்டுவிடலாம். தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால், நமக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

நேர்காணலில் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: "நான் எழுதும் முதல் கருத்தை யார் படிப்பார்கள்? எத்தனை நாளில் என்னிடம் திரும்பி வரும்? முன்பு வந்த இன்டர்ன் ஒருவரின் கடிதத்தை, மேற்பார்வையாளர் குறிப்புகளோடு, பெயர் நீக்கிக் காட்ட முடியுமா?" முறையாக நடத்தும் இடத்தில் ஒரு மாதிரி தயாராக வைத்திருப்பார்கள். எனக்குக் காட்டினார்கள். ஒன்றரைப் பக்கக் கடிதத்தின் ஓரம் முழுக்க அந்த மேற்பார்வையாளர் அம்மாவின் கேள்விகள். அதைப் பார்த்த பிறகுதான் சேரச் சம்மதித்தேன்.

சான்றிதழ் தருவார்களா என்றும் கேட்கிறார்கள். எனக்குத் தந்தார்கள், இதுவரை எங்கும் காட்ட வேண்டி வரவில்லை. ஆனால் இப்போது இங்கே தமிழில் எழுதும் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். கதையை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொருவரும் கடிதம் எழுதி வருவோம், எழுதியவர் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கி. கதையைப் பற்றிப் பேசி முடித்ததும், அந்தக் கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு எது உதவியது, எது உதவவில்லை என்று கதை எழுதியவரையே சொல்லச் சொல்கிறோம். சென்ற முறை அந்தப் பகுதிதான் கதையைப் பற்றிய பேச்சைவிட நீண்ட நேரம் போனது.